லிஃப்ட் அவசர ஃபோனை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் செப்புக் கம்பி வழியாக இயங்கும் பழைய தொலைபேசிச் சேவை 2027 ஜனவரி 31-இல் முடிவுக்கு வருகிறது. 2025 டிசம்பர் என்றிருந்த கெடு தள்ளிப்போனதும் பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் லிஃப்ட் ஃபோன் வேலையையும் சேர்த்துத் தள்ளிப்போட்டுவிட்டன. லிஃப்டில் மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் மீட்பு மையத்துக்குப் போகும் அழைப்பு, பழைய கட்டடங்களில் இன்னமும் அந்தக் கம்பியில்தான் போகிறது.

அதில் குரலோடு சேர்ந்து, எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 50 வோல்ட் மின்சாரமும் வந்துகொண்டிருந்தது. கட்டடமே இருளில் கிடந்தாலும் ஃபோன் வேலை செய்தது அதனால்தான். ஃபைபர் இணையம் அல்லது மொபைல் நெட்வொர்க் வழியாகப் போகும் புதிய ஏற்பாட்டில் அந்த மின்சாரம் வராது. இதை மறந்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் மற்ற பல தவறுகளுக்கும் வேர்.

எந்த லைன் எதற்கு என்று பார்க்காமல் ரத்து செய்வது

பில்லைப் பார்த்து "யாரும் பேசாத நம்பர்" என்று கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்ட் ஒரு லைனை நிறுத்துவார். அதுதான் லிஃப்டின் லைனாக இருக்கும். மோட்டார் ரூமில் உள்ள சாக்கெட்டில் சாதாரண ஃபோனைச் செருகி 17070 அழுத்துங்கள். பிரிட்டனின் பெரும்பாலான தொலைபேசிக் கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தின் லைனாக இருந்தால் அதன் எண்ணைக் குரல் வாசித்துச் சொல்லும். தீ எச்சரிக்கைக் கருவியும் வாசல் இன்டர்காமும் அதே லைனைப் பகிர்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். புதிய இணைப்பு சோதனையில் தேறும்வரை பழையதை வெட்டாதீர்கள்.

ரவுட்டரில் செருகினால் போதும் என்று நினைப்பது

லிஃப்ட் அலாரத்துக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 81-28, மின்சாரம் போன பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் அலாரம் வேலை செய்ய வேண்டும் என்கிறது. பொத்தானை அழுத்தியதும் மையத்தைத் தானே அழைக்கும் ஆட்டோ டயலருக்குள் ஒரு பேட்டரி இருக்கிறதே என்று திருப்திப்படக் கூடாது. கீழ்த்தளத்தில் இருக்கும் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், நடுவில் ஸ்விட்ச் இருந்தால் அதுவும், எல்லாமே அந்த ஒரு மணி நேரம் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்று அணைந்தாலும் அழைப்பு போகாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 12 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் இழுத்தால், 1.2 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. இவ்வகை பேட்டரியை வேகமாக உறிஞ்சினால் அட்டையில் எழுதிய கொள்ளளவு முழுதாகக் கிடைக்காது என்பதும் இதற்குக் காரணம். அங்கே 7 ஆம்பியர்-மணி பேட்டரி வையுங்கள். சிம் போட்டு மொபைல் நெட்வொர்க் வழியாக அழைக்கும் பெட்டிதான் மொபைல் கேட்வே. 0.3 ஆம்பியர் மட்டும் இழுக்கும் அதற்கு 1.2 ஆம்பியர்-மணி பேட்டரியே புதிதாக இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். அடுக்குமாடிக்கு நாங்கள் பெரும்பாலும் கேட்வேயையே பரிந்துரைப்பது இதனால்தான். எதுவானாலும் பேட்டரியின் மேல் பொருத்திய தேதியை எழுதிவையுங்கள். நான்கு ஆண்டுக்குள் மாற்றிவிடுங்கள்.

ரவுட்டர் வழியில் இன்னொரு சிக்கல் டோன். லைன் பிஸி என்று காட்டும் என்கேஜ்ட் டோன் பிரிட்டனில் 400 ஹெர்ட்ஸ். டயலரை ரவுட்டரோடு இணைக்கும் அடாப்டர் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 480-உம் 620-உம் கலந்த டோனைக் கொடுக்கும். எதிர்முனை வைத்துவிட்டதை டயலர் புரிந்துகொள்ளாமல் லைனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அடுத்த அழைப்பு போகாது. டயலர் தன்னை அடையாளம் காட்ட அனுப்பும் பொத்தான் ஒலிகளும் சுருக்கப்பட்ட ஆடியோவில் சிதைந்துபோகும். அடாப்டரை பிரிட்டன் டோனுக்கு மாற்றி, ஆடியோவை, ஒலியை அதிகம் சுருக்காத ஜி.711 முறையில் வைக்கச் சொல்லுங்கள்.

"4ஜி" என்ற ஸ்டிக்கரை நம்புவது

மலிவான கேட்வேக்கள் பல, டேட்டாவுக்கு மட்டும் 4ஜி. பேசும்போது 3ஜி அல்லது 2ஜிக்கு இறங்கிவிடும். பிரிட்டனில் 3ஜியின் கதை முடிந்துவிட்டது. 2ஜி 2033-க்குள் போகும். எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கருவியும் இந்த சிம்மும் சேர்ந்து வோல்ட்இ (VoLTE) அழைப்பு, அதாவது 4ஜியிலேயே குரல் அழைப்பு, செய்கின்றனவா? பல நெட்வொர்க்குகளில் இயங்கும் ரோமிங் சிம் சிக்னலுக்கு நல்லது, ஆனால் சிலவற்றில் வோல்ட்இ வராமல் 2ஜிக்கு இறங்கும். அழைப்பு நடக்கும்போதே கேட்வேயின் திரையில் எந்த நெட்வொர்க் காட்டுகிறது என்று பாருங்கள். சிம்மின் பின் எண் (PIN) பூட்டை எடுத்துவிடுங்கள். ப்ரீபெய்டு சிம் போடவே போடாதீர்கள்.

ஆன்டெனாவை எஃகும் கான்கிரீட்டும் சூழ்ந்த லிஃப்ட் குழிக்குள் வைக்கக் கூடாது. மோட்டார் ரூமின் வெளிச்சுவர் அல்லது கூரைதான் சரியான இடம். ஆனால் மெல்லிய கேபிளை நீட்டி நீட்டி அங்கே கொண்டுபோனால், மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கு மேல் சிக்னல் வீணாகிவிடும். மூன்று டெசிபல் போனாலே சிக்னல் பாதி. கேட்வேயையே மேலே வைத்து, ஃபோன் கம்பியைக் கீழே இழுப்பது மேல்.

மீட்பு மையத்துக்குச் சொல்லாமல் விடுவது

எண் மாறினால் மையத்தின் திரையில் முகவரி வராது. சிக்கியவர் குழந்தையாகவோ மூச்சுத் திணறுபவராகவோ இருந்தால், எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட் என்று அவரால் சொல்ல முடியாமல் போகலாம். ஒரே கேட்வேயை இரண்டு லிஃப்ட் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் வேண்டும். தரத்தின்படி டயலர் மூன்று நாளுக்கு ஒருமுறையாவது தானே சோதனை அழைப்பு செய்ய வேண்டும். அது வராதபோது மையம் அனுப்பும் தகவல் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். வேலையை விட்டுப் போன பழைய மேலாளரின் மின்னஞ்சலாக இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

வெளிச்சத்தில் சோதிப்பது

மின்சாரம் இருக்கும்போது செய்யும் சோதனை பாதிச் சோதனைதான். லிஃப்ட் நிறுவன டெக்னீஷியனை வைத்து அலாரம், கேட்வே, ரவுட்டர் எல்லாவற்றுக்குமான மின்சாரத்தை நிறுத்தி, 60 நிமிடம் கழித்து அழுத்துங்கள். கதவு திறந்திருக்கும்போது வரும் அலாரத்தைப் பல கருவிகள் விளையாட்டு என்று வடிகட்டிவிடும். கதவை மூடிக்கொண்டு சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். அழைப்பு கிளம்பும்போது மஞ்சள் விளக்கும், மையம் எடுத்ததும் பச்சை விளக்கும் எரிய வேண்டும். காது கேளாதவருக்கு அவைதான் பதில். கேபின் கூரையிலும் குழியின் அடியிலும் பொத்தான் இருந்தால், அவற்றை டெக்னீஷியன் அழுத்திச் சோதிக்க வேண்டும்.

அலாரம் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால், இஎன் 81-28-இன்படி அது சரியாகும்வரை லிஃப்டை நிறுத்திவைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் எட்டாம் மாடியில் வசிக்கிறார் என்றால் அது பெரிய துன்பம். அதனால் மாற்றும் நாளை முன்பே குறித்து, உதிரி கேட்வே, சிம், பேட்டரி ஆகியவற்றில் தலா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.