ஒரு டப்லெட், ஒரு வீடு: முகப்புத் திரையை ஒழுங்குபடுத்தும் முறை

திருகோணமலை உவர்மலையில் அக்கா வீட்டில் இருப்பது ஒரே ஒரு டப்லெட். பகலில் அம்மா அதில் தேவாரம் கேட்கிறார். பின்னேரத்தில் கனடாவிலுள்ள பேரப்பிள்ளைகளுடன் கதைக்கிறார். இரவில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மருமகள் கடந்தகால வினாத்தாள்களை அதில் விரித்து வைத்துச் செய்கிறாள். சென்ற மாதம் அவள் ஒரு வினாத்தாளைத் திறக்க முயன்றபோது நான் பக்கத்தில் இருந்தேன். முதற்பக்கத்தின் பாதியை வானிலைக் கட்டமும் செய்திக் கட்டமும் பிடித்திருக்க, வினாத்தாள்கள் இருந்த கோப்புறை மூன்றாம் பக்கத்தின் கீழ் மூலையில் கிடந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் பொருள் விற்கும் செயலியொன்றின் சிவப்புப் புள்ளி அவளை உள்ளே இழுத்துவிட்டது. வினாத்தாள் திறக்கப்பட்டபோது கால் மணித்தியாலம் கழிந்திருந்தது. இதைப் பிள்ளையின் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அந்தத் திரை அடுக்கப்பட்டிருந்த விதமே அப்படி.

அன்றிரவே திரையை மாற்றி அமைக்க உட்கார்ந்தோம். முதல் ஐகனில் விரலை வைத்தவுடனேயே அம்மா பதறினார்: “அழிச்சுப் போடாத தம்பி, அதிலதான் பிள்ளையள் கதைக்கிறவை.” இந்தப் பயம்தான் பெரும்பாலான வீடுகளில் திரையை நிரப்பி வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே எதையும் தொடுவதற்கு முன்னர், திரையிலிருந்து எடுப்பதும் கருவியிலிருந்து அழிப்பதும் வேறு வேறு செயல்கள் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் செய்து காட்டிவிடுங்கள். அண்ட்ரொயிட் டப்லெட்டில் ஐகனை அழுத்திப் பிடித்தால் வரும் ‘ரிமூவ்’ என்பது முகப்புத் திரையிலிருந்து மட்டும் எடுக்கும். செயலியும் அதிலுள்ள உரையாடல்களும் அப்படியே இருக்கும். ‘அன்இன்ஸ்டால்’ என்பதுதான் செயலியை நீக்கும். ஐபேட்டில் ‘ரிமூவ் ஆப்’ என்பதைத் தொட்டதும் இரண்டாவது கேள்வியொன்று வரும். அதில் ‘ரிமூவ் ஃப்ரம் ஹோம் ஸ்க்ரீன்’ என்பதையே தெரிவுசெய்ய வேண்டும், ‘டிலீட் ஆப்’ என்பதை அல்ல. அம்மாவின் கண்முன்னே வட்ஸ்அப் ஐகனை எடுத்து, திரையைக் கீழிருந்து மேலே தள்ளி, எல்லாச் செயலிகளும் இருக்கும் பட்டியலில் அதைக் காட்டி, மீண்டும் இழுத்து முகப்பில் வைத்தேன். அதன் பிறகே அவர் கதிரையில் சாய்ந்தார்.

சில டப்லெட்டுகளில் ‘ரிமூவ்’ என்ற தெரிவே வராது. எல்லாச் செயலிகளையும் முகப்பிலேயே பரப்பி வைக்கும் அமைப்பில் அவை இருப்பதே அதற்குக் காரணம். சாம்சங் கருவியானால் முகப்பின் வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து, ‘செட்டிங்ஸ்’ஸில் ‘ஹோம் ஸ்க்ரீன் லேஅவுட்’ என்பதைத் திறந்து, ‘ஹோம் அண்ட் ஆப்ஸ் ஸ்க்ரீன்ஸ்’ என்பதற்கு மாற்றுங்கள். அதே பக்கத்தில், புதிதாக இறக்கும் செயலிகளைத் தானாகவே முகப்பில் சேர்க்கும் தெரிவு இருக்கும்; அதையும் அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் சுத்தம் செய்த திரை ஒரு மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

இனி எதை வைப்பது என்பது. மூன்று நாட்களுக்கு, டப்லெட்டைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எதற்காக எடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். எங்கள் வீட்டுத் தாளில் ஏழு காரியங்களே திரும்பத் திரும்ப வந்தன. அந்த ஏழும் முதற்பக்கத்தில் இருக்கட்டும். மற்றவை செயலிப் பட்டியலில் இருக்கட்டும், பெயரை எழுதித் தேடினால் நொடியில் வந்துவிடும். ஒரு பொழுதுபோக்குச் செயலியைத் தேடி எடுக்க வேண்டியிருந்தால் அது நன்மையே, ஏனெனில் தேடுகிற அந்த இடைவெளியில் கை நின்று யோசிக்கிறது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளம் போன்று அடிக்கடி தேவைப்படும் பக்கமிருந்தால், குரோமில் அதைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘ஆட் டு ஹோம் ஸ்க்ரீன்’ என்று கொடுங்கள். உலாவியின் முதற்பக்கத்துச் செய்திகளைத் தாண்டாமல் நேரே பாடத்துக்குப் போகலாம். வானிலை, செய்தி போன்ற கட்டங்களான விட்ஜெட்டுகளில் நாட்காட்டியை மட்டும் வைத்திருந்தோம். முகப்பை வலப்பக்கம் தள்ளினால் வரும் செய்திப் பக்கத்தையும், சாம்சங்கில், முன்னர் சொன்ன முகப்பு ‘செட்டிங்ஸ்’ஸிலேயே நிறுத்திவிடலாம்.

அறிவிப்புகளை ஒரே நாளில் தீர்க்க முயல வேண்டாம். தேவையற்ற அறிவிப்பு வரும்போது, அதைத் தள்ளிவிடாமல் அழுத்திப் பிடித்து, அங்கேயே நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும். 2022இல் வந்த அண்ட்ரொயிட் 13 முதல் புதிய செயலிகள் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கின்றன. அழைப்பும் செய்தியும் தரும் செயலிகளுக்கு மட்டும் சம்மதம் கொடுத்தால் போதும். படிக்கும் நேரத்துக்கு, பல அண்ட்ரொயிட் கருவிகளில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ பகுதியில் உள்ள ‘ஃபோகஸ் மோட்’ உதவும்; தெரிவுசெய்த செயலிகளின் ஐகன்கள் அந்த நேரத்தில் சாம்பல் நிறமாகி, திறக்காமல் நிற்கும்.

ஆனால் பலர் பாவிக்கும் கருவிக்கு இவையெல்லாவற்றையும் விடப் பெரிய உதவி, ஆளுக்கொரு பயனர் கணக்கு. பல அண்ட்ரொயிட் டப்லெட்டுகளில் இந்த வசதி உண்டு. சாம்சங்கில் ‘அக்கவுண்ட்ஸ் அண்ட் பேக்அப்’ பகுதியிலும், வேறு பலவற்றில் ‘சிஸ்டம்’ பகுதியிலும் ‘யூசர்ஸ்’ என்று இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனி முகப்பு, தனிச் செயலிகள், தனி அறிவிப்புகள். மருமகளின் கணக்கில் இப்போது வினாத்தாள் கோப்புறை, இ-தக்சலாவ, அகராதி, கணிப்பான், கடிகாரம் என்னும் ஐந்தே உள்ளன. அம்மாவின் கணக்கில் இரண்டு ஐகன்கள்தான், ஆனால் பெரியவை. சேமிப்பிடம் குறைந்த கருவியில் இரண்டு கணக்குகளுக்கு மேல் வேண்டாம், ஏனெனில் இடம் எல்லோருக்கும் பொதுவானது.

ஐபேட்டில் வீட்டுப் பாவனைக்கு இப்படிப் பல கணக்குகள் வைக்க முடியாது. அதற்குப் பதிலாக, 2021இல் வந்த ஐபேட்ஓஎஸ் 15 முதல், முகப்பின் பக்கங்களை மறைக்கும் வசதி உண்டு. வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து, ஐகன்கள் ஆடத் தொடங்கியதும் கீழேயுள்ள புள்ளிகளைத் தொட்டு, வேண்டாத பக்கத்தின் சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள். ‘ஃபோகஸ்’ அமைப்பில் படிப்புக்கென ஒன்றை உருவாக்கி, அது இயங்கும்போது எந்தப் பக்கம் மட்டும் தெரிய வேண்டும் என்பதையும் குறிப்பிடலாம்.

கடைசியாகப் பின்னணிப் படம். அம்மா கோணேசர் தேர்த் திருவிழாப் படத்தை வைத்திருந்தார். அந்தக் கூட்டத்துக்குள் ஐகன்களின் பெயர்கள் தெரியவேயில்லை. அந்தப் படத்தைப் பூட்டுத் திரைக்கு மாற்றினோம். டப்லெட்டை எடுத்தவுடன் சுவாமி தரிசனம் கிடைக்கிறது, திறந்ததும் வெறும் கடுநீலம். மழைக்காலத்தில் மின்சாரம் போகும் நாட்களில் கறுப்புப் பின்னணி பற்றரியை மிச்சம் பிடிக்குமா என்று மருமகள் கேட்டாள். புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரையில் பிடிக்கும், பின்னால் எப்போதும் விளக்கு எரியும் எங்களுடையதைப் போன்ற எல்சிடி திரையில் பிடிக்காது, வெளிச்சத்தைக் குறைப்பதே வழி. எல்லாம் முடிந்ததும் ‘லாக் ஹோம் ஸ்க்ரீன் லேஅவுட்’ என்பதை இயக்கினோம். இப்போது அம்மாவின் விரல் சற்று அதிகமாக அழுத்திவிட்டாலும் ஐகன் இடம் மாறுவதில்லை.