கிரெடிட் ரிப்போர்ட்டில் ஸ்கோரைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

நாம் வாங்கிய கடன்களையும் அவற்றை அடைத்த விதத்தையும் பதிவு செய்யும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு கடன் அறிக்கையை (கிரெடிட் ரிப்போர்ட்) இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே பெற்று, பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் காட்டும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் நோக்கம் பெரும்பாலும் நமக்கு அடுத்த கடனை விற்பதுதான்.

300 முதல் 900 வரையிலான ஸ்கோரை இப்போதைக்கு விட்டுவிடலாம். பெயர், பான் எண், பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டு, நேராகக் கணக்குகள் பகுதிக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு கடனிலும் முதலில் பார்க்க வேண்டியது, வங்கி கடைசியாகத் தகவல் அனுப்பிய தேதி. அடைத்து முடித்த கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டினாலும், அந்தத் தேதி நீங்கள் அடைத்த நாளுக்கு முந்தையதாக இருந்தால், அடுத்த தகவல் சேரும்வரை பொறுத்திருப்பதே சரி.

பலரையும் குழப்புவது மாதவாரியாக வரும் டிபிடி கட்டங்கள்தான். அவற்றில் உள்ள எண் ரூபாய் அல்ல, தவணை தவறிய நாட்களின் எண்ணிக்கை. 000 என்றால் நிலுவை எதுவும் இல்லை. 030 என்றால் 30 நாள் தாமதம். எண்ணுக்குப் பதிலாக எஸ்டிடி என்றிருந்தால் நிலுவை 90 நாளைத் தாண்டவில்லை என்றும், எஸ்யுபி என்றிருந்தால் 90 நாளுக்கு மேல் நிலுவை என்றும் பொருள். மூன்று எக்ஸ் எழுத்துகளைக் கண்டு அஞ்ச வேண்டாம்; அந்த மாதத்துக்கு வங்கி தகவல் தரவில்லை என்பதையே அவை குறிக்கின்றன.

அடுத்து கணக்கின் நிலை. ‘குளோஸ்டு’ என்பது முழுமையாக அடைக்கப்பட்ட கடன்; ‘செட்டில்டு’ என்பது வங்கி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்துக்கொண்ட கடன். இரண்டாவதைப் பார்க்கும் வங்கிகள் புதிய கடன் தரத் தயங்கும் என்பதால், வசூல் முகவர் தள்ளுபடி பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

உங்கள் அறிக்கையை எந்தெந்தக் கடன் நிறுவனங்கள் கேட்டுப் பார்த்தன என்று காட்டும் விசாரணைகள் பகுதியில், நீங்கள் விண்ணப்பிக்காத கடன் நிறுவனம் ஏதேனும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நமது அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

பின்சேர்க்கை: தாம் வாங்காத கடன் தமது அறிக்கையில் இருப்பதாக வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முறையிடும் முன், அக்கணக்கின் உரிமை வகையை, அதாவது அதில் நீங்கள் கடன் வாங்கியவரா, ஜாமீன்தாரரா என்பதைப் பாருங்கள். பிறருக்கு ஜாமீன் கையெழுத்திட்ட கடனும் நமது அறிக்கையில் இடம்பெறும். கடன் வாங்கியவர் தவணை தவறினால் அதுவும் பதிவாகும்.

உண்மையிலேயே பிழை என்றால், அறிக்கை தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே திருத்தம் கோரலாம். கடன் தந்த வங்கி ஒப்புக்கொள்ளாமல் அந்நிறுவனம் தானாக எதையும் மாற்றாது என்பதால், கடன் முடிந்ததற்கான சான்றிதழுடன் வங்கிக்கும் அதே நாளில் எழுதுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற உங்களுக்கு உரிமை உண்டு.