கல்லூரி விண்ணப்பக் கட்டுரை: முன்னுரையிலேயே தொலைந்துபோகும் பிள்ளைகள்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளின் கட்டுரைகளைச் சில வருடங்களாகப் படித்துத் திருத்தச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஆகஸ்ட் பிறந்ததும் வரைவுகள் வரத் தொடங்கும். பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். ‘சிறுவயதிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம் உண்டு.’ அடுத்த வரியில் ஒரு பொன்மொழி. கடைசிப் பத்தியில் ‘இவ்வாறாக’.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதி, மேற்கோளுக்கு அடிக்கோடு போட்டால் மார்க் விழும் என்று பத்து வருடம் பழக்கியவர்கள் நாம்தான். நம் ஊரில் கல்லூரி வாசலில் கேட்பது கட்-ஆஃப், ஜேஇஇ ரேங்க், நீட் ஸ்கோர். ‘நீ எப்படிப்பட்ட ஆள்?’ என்று அவர்களை யாரும் கேட்டதே இல்லை. இந்தக் கட்டுரை கேட்பது அதை மட்டும்தான்.

அமெரிக்காவில் ஏராளமான மாணவர்கள் பயன்படுத்தும், ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் ‘காமன் ஆப்’பில் கட்டுரை 250 முதல் 650 சொற்களுக்குள் இருக்க வேண்டும். ஏழு தலைப்புகள் தருவார்கள். ஏழாவது, உங்கள் விருப்பம் எதுவோ அது. மதிப்பெண் தனியாகப் போகிறது. ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் தனியாகப் போகிறது. பேச்சுப்போட்டி, என்சிசி, கராத்தே எல்லாவற்றையும் சொல்லப் பத்து வரிசைகள் கொண்ட பட்டியல் வேறு இருக்கிறது. அதே பட்டியலை வாக்கியமாக்கிக் கட்டுரையில் மறுபடி எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஒரு பையனின் வரைவைப் பற்றிச் சொல்கிறேன். கோவைப் பக்கம், அப்பா மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருக்கிறார். பையனின் முதல் வரைவில் ரோபோட்டிக்ஸ் பரிசும் ஒலிம்பியாடும் இருந்தன, கடை இல்லை. ‘அது எதுக்குங்க, அது சாதாரண வேலைதானே’ என்றான். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவும்போது கம்பி பதிந்திருக்கும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் (பள்ளத்திலும்) எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணுவது அவன் வேலையாம். அப்பா எல்லாவற்றையும் மனதிலேயே வைத்திருப்பார். இவன் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். ஒருமுறை எண்ணிக்கையில் பிசகிவிட்டான். கட்டிக் கொடுத்த மோட்டார் இரண்டே நாளில் மறுபடி புகைந்து, ஒரு விவசாயியின் தக்காளிக்குத் தண்ணீர் நின்றது. அப்பா திட்டவில்லையாம். அந்த நோட்டை வாங்கி முதல் முறையாகப் புரட்டிப் பார்த்தாராம்.

இதைவிட நல்ல கட்டுரை அவனிடம் வேறு இல்லை. பிசகிய எண், புகை வாசனை, நோட்டைப் புரட்டிய கை. மூன்றும் வந்த பிறகு ‘எனக்குப் பொறுப்புணர்ச்சி அதிகம்’ என்ற வரிக்கு வேலையே இல்லை. அவனே அதை அடித்துவிட்டான்.

தாத்தாவைப் பற்றி எழுதுவது இன்னொரு பள்ளம். கட்டுரை பிரமாதமாக இருக்கும்; படித்து முடித்ததும் தாத்தாவுக்கு சீட் கொடுக்கத் தோன்றும். தாத்தா ஒரு பத்தியோடு நிற்கட்டும். அவரால் நீங்கள் எதைச் செய்தீர்கள், எதை மாற்றிக்கொண்டீர்கள் என்பதற்கு மிச்ச இடம் வேண்டும்.

கஷ்டத்தைப் பற்றியும் கவனமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் நடந்த இழப்பை எழுதினால்தான் இடம் கிடைக்கும் என்று நினைத்து, ஆறாத காயத்தைக் கீறிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. எழுத மனம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குடும்பச் சூழலால் படிப்பு பாதித்திருந்தால், அதை நேராக, சுருக்கமாகச் சொல்ல விண்ணப்பத்திலேயே வேறு இடம் இருக்கிறது.

அகராதியைப் புரட்டிப் பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களைக் கோப்பதும் வேண்டாம். என்னிடம் வருபவர்களிடம் முதலில் தமிழில், வீட்டில் பேசுவது போலவே கதையைச் சொல்லி போனில் பதிவு செய்யச் சொல்வேன். பிறகு அதைக் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும்போது, அந்தக் குரல் ஓரளவாவது ஒட்டிக்கொண்டு வரும்.

இரவல் கட்டுரை நிச்சயம் மாட்டிக்கொள்ளும். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களைக் கையாளும் ‘யூகாஸ்’ 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 234 பேர் தங்கள் எட்டாவது பிறந்தநாளுக்கு பரிசாக வந்த ரசாயனப் பரிசோதனைப் பெட்டியால் பைஜாமாவில் ஓட்டை விழுந்த ஒரே கதையை எழுதியிருந்தது தெரியவந்தது. இணையத்தில் கிடந்த ஒரு மாதிரிக் கட்டுரையிலிருந்து வந்தது அது. இப்போது அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு வந்து உட்கார்ந்திருக்கிறது. அது எழுதித் தந்ததைத் தன் எழுத்து என்று அனுப்புவதை, காமன் ஆப் தன் விதிகளில் மோசடியாகவே கருதுகிறது. அண்ணன், அக்கா, கன்சல்டன்ட் என்று ஐந்து பேர் திருத்தினாலும் பையன் காணாமல் போய்விடுவான். இரண்டு பேர் போதும்.

அமெரிக்காவுக்கு எழுதியதை அப்படியே பிரிட்டனுக்கு அனுப்பாதீர்கள். அங்கே முக்கியம் பாடம். 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் ஒரே நீளக் கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள் கேட்கிறது: இந்தப் படிப்பு ஏன், இதுவரை படித்தது அதற்கு உங்களை எப்படித் தயார்ப்படுத்தியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். இடைவெளி உட்பட மொத்தம் 4,000 எழுத்துகள். காயில் கட்டிய கதை இங்கேயும் வரலாம். ஆனால் மின்காந்தவியலில் அது எந்தக் கேள்வியை எழுப்பியது, அதற்காக எதைப் படித்தீர்கள் என்று போக வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம்: எட்டுக் கேள்விகளில் நான்குக்குப் பதில், ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள்.

கடைசி நாள் இரவு அவசரத்தில், ஒரு கல்லூரி தனியாகக் கேட்கும் துணைக் கட்டுரையில் இன்னொரு கல்லூரியின் பெயரை மாற்றாமல் அப்படியே அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அனுப்பும் முன் வரும் முன்பார்வைப் பக்கத்தைக் காகிதத்தில் எடுத்து, விரலை வைத்து வரிவரியாகப் படியுங்கள். காமன் ஆப்பில் பொதுக் கட்டுரையை அடுத்த கல்லூரிக்காகத் திருத்திக்கொள்ள முடியும். ஏற்கெனவே அனுப்பிய கல்லூரிக்குப் போன பிரதி, போனது போனதுதான்.