டைம் ஸ்டெப் பழகும்போது கால் ஏன் சொன்னபடி கேட்பதில்லை

டாப் டான்ஸில், அதாவது அடியில் உலோகத் தகடு வைத்த ஷூவால் தாளம் தட்டும் ஆட்டத்தில், ஷஃபில் (பாதத்தை முன்னும் பின்னும் வீசி இரண்டு சத்தம்), ஃப்ளாப் (பாதத்தை முன்னே வீசி உடனே ஊன்றுவது) எல்லாம் ஓரளவு வந்ததும் சொல்லித்தருவது பெரும்பாலும் டைம் ஸ்டெப்தான். அமெரிக்காவில் வாட்வில் என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சிகளின் காலத்திலிருந்தே இருக்கிற அடி. வாத்தியக் குழுவுக்குத் தங்கள் வேகம் இதுதான் என்று காட்ட ஆட்டக்காரர்கள் முதலில் இதைத் தட்டுவார்கள், பெயருக்குக் காரணமும் அதுதான் என்பார்கள்.

சிங்கிள் டைம் ஸ்டெப்பில் மொத்தம் ஆறு சத்தம். வலது காலில் ஸ்டோம்ப், இடது காலில் ஹாப் (ஒரே காலில் எழும்பி அதே காலில் இறங்குவது), வலதில் ஸ்டெப் (எடையோடு ஊன்றுவது), இடதில் ஃப்ளாப் (இது மட்டும் இரண்டு சத்தம்), வலதில் ஸ்டெப். பிறகு அதையே இடது பக்கத்தில் தொடங்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இவ்வளவுதானா என்றிருக்கும்.

சறுக்குவது முதல் தட்டிலேயே. ஸ்டோம்ப் என்றால் முழுப் பாதத்தையும் தரையில் அடித்து, எடையை அதில் போடாமல் உடனே எடுத்துவிடுவது. எடையையும் சேர்த்து இறக்கினால் அதன் பெயர் ஸ்டாம்ப், அது வேறு. நாம் என்ன செய்கிறோம், வலது காலை ஓங்கி அடிக்கிறோம், உடம்பும் கூடவே போய் அந்தக் காலில் உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் அடுத்த ஹாப் இடது காலில் அல்லவா, அதில்தான் இப்போது எடையே இல்லையே! அவசரமாக இந்தப் பக்கம் சாய்ந்து ஒரு தள்ளாட்டம், அதற்குள் தாளம் போய்விடும். நான் ஒரு மாதம் ஹாப்தான் வரவில்லை என்று நினைத்து ஹாப்பையே பழகிக்கொண்டிருந்தேன். ஸ்டோம்ப் அடித்த காலை, இடுப்பு அசையாமல் அப்படியே தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நீங்கள் அடித்தது ஸ்டாம்ப்.

பரதநாட்டியம் கற்றவர்களுக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. தட்டடவில் அரைமண்டியில் அமர்ந்து முழுப் பாதத்தையும் அழுத்தித் தட்டிய பழக்கம் சுலபத்தில் போகாது. டாப்பில் உடம்பு பாதத்தின் முன்பகுதியில் நிற்க வேண்டும், கணுக்கால் தளர்வாகத் தொங்க வேண்டும். தொடையிலிருந்து அடித்தால் சத்தம் பெரிதாக வரும், சரிதான், ஆனால் வேகம் கூடினதும் கால் கட்டிக்கொள்ளும்.

அடுத்தது எண்ணிக்கை. தாளத்தை எட்டு எட்டாக எண்ணுவோம், இந்த அடி ஒன்றில் தொடங்குவதில்லை, முந்தைய எட்டில் தொடங்குகிறது. எட்டு, ஒன்று, இரண்டு, அண்டு மூன்று, அண்டு (‘அண்டு’ என்பது இரண்டு எண்களுக்கு நடுவில் விழும் பாதி). அதோடு நான்கில் இடது கால் ஸ்டோம்ப் வந்துவிடும். அதாவது முதல் மூன்று சத்தமும் நிதானமாக ஒரு எண்ணுக்கு ஒன்றாக விழும், பின் மூன்றும் நெருங்கி விழும். புதிதாகப் பழகுகிறவர்கள் ஆறையும் சம இடைவெளியில் தட்டிவிடுகிறார்கள், கேட்டால் டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். அமெரிக்க ஆசிரியர்கள் இதற்கு ‘தேங்க்ஸ் ஃபார் த பக்கி ரைடு’ (குதிரை வண்டிச் சவாரிக்கு நன்றி) என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆறு அசை, ஆறு சத்தம், ‘பக்கி’ என்கிற இடம்தான் ஃப்ளாப். முதலில் வாயால் சொல்லுங்கள், கால் அப்புறம் வரட்டும்.

ஃப்ளாப்பில் ‘பக்’ காணாமல் போய் ‘கி’ மட்டும் கேட்கும், அதுவும் எல்லாருக்கும் நடப்பதுதான். பாதத்தை நீளமாக வீசுவதால் வருவது, ஒரு சாண் தூரம்கூட வேண்டாம். ஹாப்பும் அப்படித்தான், காகிதம் நுழையும் அளவு எழுந்தால் போதும், உயரமாகக் குதித்தால் இறங்குவதற்குள் ‘இரண்டு’ வந்து நிற்கும்.

சிங்கிள் இரு பக்கமும் ஒரே மாதிரி கேட்காமல் டபிளுக்கும் டிரிபிளுக்கும் ஓடாதீர்கள். நடுவில் உள்ள ஸ்டெப்பை ஃப்ளாப் ஆக்கினால் டபிள், ஷஃபில் ஸ்டெப் ஆக்கினால் டிரிபிள், அவ்வளவுதான், ஓட்டை இருந்தால் மூன்றிலும் அதே ஓட்டை இருக்கும். பெரும்பாலும் இடது பக்கம்தான் சோடை போகும். போனில் பதிவு செய்து, திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

வீட்டு டைல்ஸ் தரையில் தயவுசெய்து வேண்டாம். வழுக்கும், கீறல் விழும், அடியில் கான்கிரீட் என்பதால் முழங்காலும் கெண்டைக்காலும் வாங்கிக்கட்டிக்கொள்ளும். பழைய கம்பளத்தின் மேல் ஒரு ப்ளைவுட் பலகை போட்டுக்கொண்டால் நல்லது. சத்தம் கரகரவென்று வந்தால் ஷூவைக் கவிழ்த்து தகட்டின் திருகாணி தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. வலம் இடமாக மாற்றி மாற்றி ஆறு முறை ஆடியதும் இரண்டு பார் (ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை) நீளத்துக்கு பிரேக், அதாவது முடித்துவைக்கும் வேறு அடி, வர வேண்டும், எட்டு பார் அப்படித்தான் நிறையும். வகுப்பில் எல்லாரும் பிரேக்குக்குப் போனபோது நான் மட்டும் ஏழாவது டைம் ஸ்டெப்பைக் கணீரென்று தட்டியிருக்கிறேன்.