மாசி வீதியைச் சுற்றும் ரோபோ: தொடக்க வகுப்புக் கணக்குக்கு ஒரு செய்முறை

தரையில் ஊரும் சிறிய ரோபோ ஒன்று இருந்தால், கூட்டல் கழித்தலில் தொடங்கிச் சுற்றளவு வரை கற்பித்துவிடலாம். கணினியோ இணையமோ வேண்டியதில்லை. இங்கே நான் எடுத்துக்கொள்வது பீ-பாட் வகை. அதன் முதுகிலேயே முன், பின், இடம், வலம், அழி, போ என்னும் பொத்தான்கள் உள்ளன. முன் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் 15 செ.மீ. நகரும், இடம் அல்லது வலம் அழுத்தினால் நின்ற இடத்திலேயே ஒரு செங்கோணம் திரும்பும்.

முதலில் விரிப்பைத் தயாரியுங்கள். திருவிழா முடிந்து கழற்றிய ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கமே இதற்குப் போதும். 105 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வெட்டி, 15 செ.மீ. இடைவெளியில் மார்க்கரால் கோடிட்டால் பக்கத்துக்கு 7 கட்டங்கள் கிடைக்கும். நடுக்கட்டம் மீனாட்சியம்மன் கோயில். அதைச் சுற்றிய கட்டங்கள் சித்திரை வீதி, அடுத்த சுற்று ஆவணி மூல வீதி, வெளிச்சுற்று மாசி வீதி. உண்மையான வீதிகள் இவ்வளவு துல்லியமான சதுரங்கள் அல்ல என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, எண்கோடு. எஞ்சிய துண்டில் 0 முதல் 10 வரை கட்டமிட்டு, ரோபோவை 3-இல் வைத்து, 4 கூட்ட எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று கேளுங்கள். பல பிள்ளைகள் நிற்கும் கட்டத்தையே ஒன்று என எண்ணத் தொடங்கி, மூன்று முறை மட்டும் அழுத்துவார்கள். ரோபோ 6-இல் நின்றுவிடும். அப்போது ஆசிரியர் விடையைச் சொல்லிவிடக் கூடாது என்பதே இந்த முறையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது. எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அந்தக் கட்டத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்த பிறகே "போ" பொத்தானை அழுத்த வேண்டும் என்ற விதி இருந்தால், ரோபோவுக்கும் கொட்டைக்கும் இடையிலுள்ள ஒரு கட்டத்தைப் பார்த்துப் பிள்ளையே தன் எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ளும். ஒவ்வொரு கணக்குக்கும் முன் "அழி" அழுத்தச் சொல்லுங்கள். இல்லையெனில் பழைய கட்டளைகளோடு புதியவையும் சேர்ந்து ஓடும்.

மூன்றாவது, திரும்புதல். வலம் பொத்தானை அழுத்தினால் ரோபோ வலப்பக்கக் கட்டத்துக்கே போய்விடும் என்று எண்ணும் பிள்ளைகள் உண்டு. ஒரு பிள்ளையை ரோபோவாக நிறுத்தி, மற்றவர்கள் கட்டளையிட, அப்படியே நடக்கச் செய்தால் இந்தக் குழப்பம் தீரும். 1967-இல் லோகோ கணினி மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான சேமூர் பாப்பர்ட், பிள்ளைகள் தம் உடலசைவைக் கொண்டே வடிவியலை உணர வேண்டும் என வலியுறுத்தியதும் இதைத்தான்.

இனி விரிப்புக்கு வாருங்கள். சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வலம் வருவதை மதுரைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ரோபோவை வடகிழக்கு மூலையில் தெற்கு நோக்கி வைத்து, தேரைப் போல ஒரு சுற்று வரச் செய்யச் சொல்லுங்கள். பக்கத்துக்கு 7 கட்டம் இருந்தாலும் 6 நகர்வுதான் தேவை என்பதைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். அந்த நேரத்தைக் கொடுங்கள். ஆறு முன், ஒரு வலம் என்பதை நான்கு தடவை அழுத்தினால் 28 கட்டளைகள், 24 நகர்வுகள், அதாவது 360 செ.மீ. சுற்றளவு. கடைசி வலம் ரோபோவை மீண்டும் தெற்கு நோக்கித் திருப்புவதால், நான்கு செங்கோணம் ஒரு முழுச்சுற்று என்பதும் கண்ணெதிரே தெரிந்துவிடும்.

தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிப்பார்கள். அந்த வகுப்பில் அரும்பு, மொட்டு நிலைப் பிள்ளைகள் எண்கோட்டிலேயே தொடரட்டும். மலர் நிலையினர் ஆவணி மூல வீதிக்கு 16, சித்திரை வீதிக்கு 8 என ஓட்டாமலே கணித்து, பின்னர் ஓட்டிச் சரிபார்க்கட்டும். ஐந்தாம் வகுப்பாக இருந்தால், 5 நகர்வு நீளமும் 3 நகர்வு அகலமும் கொண்ட செவ்வகப் பாதையை ஓட்டச் செய்து, ஆவணி மூல வீதியின் அதே 16 வருவதைக் காட்டுங்கள். பிறகு இரண்டு பாதைகளும் சூழ்ந்த பரப்பு ஒன்றுதானா என்று கேட்டு, அதை அவர்களே வரைந்து பார்க்க விடுங்கள்.