பழைய மரச்சட்ட வீட்டில் கை வைக்கும் முன்

இங்கிலாந்தின் சஃபோக், கென்ட், செஷயர் பக்கங்களில் 400, 500 வயதான ஓக் மரச்சட்ட வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவற்றைப் பழுதுபார்க்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, சிமென்ட் மூட்டையை வாங்கி வருவது.

இந்த வீடுகளில் பாரம் தாங்குவது மரச்சட்டம்தான். சுவர் வெறும் அடைப்பு. சட்டங்களுக்கு நடுவே ஹேசல் என்ற புதர்மரத்தின் குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசியிருப்பார்கள். மழையில் நனைந்தாலும் ஈரம் மெல்ல வெளியேறிவிடும். ஓக் மரம் பருவத்துக்குப் பருவம் சற்றே உப்பும், சுருங்கும். சுண்ணாம்பு அதற்கு ஓரளவு வளைந்து கொடுக்கும், சிமென்ட் கொடுக்காது. மரத்தை ஒட்டி மயிரிழை விரிசல் விடும். அதன் வழியே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடிச்சட்டத்தை மக்க வைக்கும். ஈர மரத்தைத் தேடி வண்டும் வரும். வெளியே சுவர் பளிச்சென்று இருக்க, அடிச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரை இறங்கும்.

அடுத்தது கறுப்புப் பெயின்ட். கறுப்பு வெள்ளைதான் அசல் தோற்றம் என்று பலர் நம்புகிறார்கள். அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் பரவிய மோகம். அதற்கு முன் பல ஊர்களில் மரத்தை அதன் சாம்பல் நிறத்திலேயே விட்டார்கள், அல்லது சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்தப் பெயின்ட்டை எடுக்க மணலைப் பீய்ச்சி அடிப்பது இன்னும் மோசம். கோடரித் தடமும், தச்சர் வெட்டிய ரோமன் எண்களும் சேர்ந்தே போய்விடும். பட்டறையில் பொருத்திப் பார்த்துப் பிரித்த சட்டங்களை மனையில் மறுபடி கோக்க அந்த எண்கள்தான் வழிகாட்டி.

விட்டத்தில் காலியாக இருக்கும் துளைகளைக் காட்டி, "இது பழைய கப்பல் மரம்" என்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. விட்டத்தின் அடியில் வரிசையாகத் துளைகள் இருந்தால், அங்கே நின்ற தடுப்புச்சுவரை யாரோ எடுத்திருக்கலாம். சாய்சதுரக் குழிகள் என்றால், கண்ணாடி இல்லாத காலத்து ஜன்னலின் மரக்கம்பிகள் நின்ற இடம். பட்டி வைத்து அடைத்தால் அந்த ஜன்னலுக்கு இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, "அசல் நிலைக்குத் திருப்புகிறேன்" என்ற ஆர்வம். எந்த அசல்? 15ஆம் நூற்றாண்டில் கூரை வரை திறந்த ஒரே கூடமாக இருந்திருக்கும். அடுத்த இரு நூற்றாண்டுகளில் புகைபோக்கியும் மாடியும் வந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டில் செங்கல் முகப்பு. அந்த முகப்பைப் பெயர்த்தால், பெரிய ஜன்னல்களுக்காக உள்ளே சட்டங்களை அப்போதே அறுத்திருப்பது தெரியவரலாம். அப்புறம் பழைய முகமும் இல்லை, புது முகமும் இல்லை. பழமைக்காக அரசு பாதுகாக்கும் கட்டடங்களின் பட்டியலில் உள்ள வீடு என்றால், அதன் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றமும்கூட. வீட்டின் உட்புறத்துக்கும் இது பொருந்தும்.

சரி, எங்கே தொடங்குவது? டார்ச் எடுத்துக்கொண்டு கூரைக்கு அடியில் ஏறிப் பாருங்கள். கைமரங்கள் கரிபிடித்திருந்தால், புகைபோக்கி வருவதற்கு முன் கீழே கூடத்தின் நடுவில் தரையிலேயே தீ எரிந்திருக்கிறது. அந்தக் கரியைத் துடைக்க வேண்டாம்.