பெரிய தீம் பார்க் பக்கத்தில் குடும்பத்தோடு விடுமுறை: செலவை அடக்கித் திட்டமிடுவது எப்படி?

தீம் பார்க் போகலாம் என்று வீட்டில் முடிவானதும் பலரும் முதலில் விமான டிக்கெட்டைத் தேடுகிறார்கள், அடுத்து ஓட்டல், கடைசியில்தான் பார்க் டிக்கெட். செலவு கைமீறிப் போவதற்கு இந்த வரிசையே பெரிய காரணம் என்பது என் கட்சி. பார்க் டிக்கெட் விலையில் நாம் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. ஆனால் எத்தனை நாள் உள்ளே போகிறோம், எந்தத் தேதியில் போகிறோம், எங்கே தங்குகிறோம் என்ற மூன்றும் நம் கையில்தான் இருக்கின்றன. பார்க்கை நடுவில் வைத்து அந்த மூன்றையும் முதலில் முடிவு செய்தால் மீதி வேலை எளிது. முதல்முறை போகிறவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பிள்ளைகளின் வயதையும் உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் பணம் இங்கேதான் தொடங்குகிறது. ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டிலும் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டிலும் 3 வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், 10 வயது ஆனால் பெரியவர் கட்டணம். டிஸ்னிலேண்ட் பாரிஸில் பெரியவர் கட்டணம் 12 வயதில் தொடங்குகிறது. டோக்கியோவில் 4 வயதிலிருந்துதான் டிக்கெட், 12 முதல் 17 வரை தனிக் கட்டணம். பயணத் தேதிக்கும் பிறந்தநாளுக்கும் நடுவில் சில வாரங்களே இருந்தால் பயணத்தை முன்னால் நகர்த்திப் பாருங்கள். இதற்காக வயதைக் குறைத்துச் சொல்லச் சொல்லவில்லை, தேதியை மாற்றத்தான் சொல்கிறேன்.

உயரம் இன்னும் முக்கியம். வேகமான ரைடுகளில் பலவற்றுக்கு 102 செ.மீ., சிலவற்றுக்கு அதற்கும் மேல் உயரம் கேட்பார்கள். காலில் ஷூவோடு அளந்து, பார்க்கின் இணையதளத்தில் ரைடு ரைடாக ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் இரண்டு பிள்ளைகளும் முக்கியமான ரைடுகளில் ஏற முடியாது என்றால் அந்தப் பார்க்கை இந்த வருடம் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். எல்லாருக்கும் முழுக் காசு கொடுத்து உள்ளே போய், குழந்தையை வெளியே நிறுத்திவைத்து அழவிடுவதில் என்ன விடுமுறை?

படி 2: எத்தனை நாள் பார்க், எத்தனை நாள் சும்மா

வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு பார்க்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு முழு நாளை விழுங்கும். யுனிவர்சல் ஆர்லாண்டோவிலோ பழைய இரண்டு பார்க்குகள் அடுத்தடுத்து இருக்க, 2025-இல் திறந்த எபிக் யுனிவர்ஸ் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, தவிர தண்ணீர் பார்க் வேறு. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தால் பணமும் தீரும், பிள்ளைகளும் மூன்றாம் நாளே சோர்ந்துவிடுவார்கள்.

பல நாள் டிக்கெட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் நாட்கள்தான் விலை அதிகம், நாள் கூடக் கூட ஒரு நாளுக்கான சராசரி குறைந்துகொண்டே வரும். ‘இன்னும் ஒரு நாள் கொஞ்சம்தானே கூடுதல்’ என்று தோன்றும். டிக்கெட்டுக்கு அது கொஞ்சம்தான், ஆனால் அந்த நாளோடு ஓர் இரவு ஓட்டல், மூன்று வேளைச் சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து வரும். அதையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

இரண்டு பார்க் நாட்களுக்கு நடுவில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள் என்பது என் கறாரான ஆலோசனை. ஓட்டல் நீச்சல்குளம், ஒரு பூங்கா, துணி துவைப்பது, மதியத் தூக்கம், அவ்வளவுதான். அன்றைய செலவு பார்க் நாளில் ஒரு சிறு பங்குதான் ஆகும், மறுநாள் பிள்ளைகள் இரவு வரை தாக்குப்பிடிப்பார்கள். ‘பார்க் ஹாப்பர்’ என்று ஒரே நாளில் பல பார்க்குகளுக்குப் போகும் கூடுதல் டிக்கெட் இருக்கிறதே, சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது தண்டம்.

படி 3: தேதியைத் தேர்ந்தெடுங்கள்

இப்போது பெரிய பார்க்குகளில் பெரும்பாலானவை தேதிக்குத் தேதி வேறு விலை வைக்கின்றன. ஓட்டல்களும் அப்படித்தான். ஆகவே விலைக் காலண்டரைத் திறந்து வைத்தால், கூட்டம் எப்போது இருக்கும் என்பதையும் அதுவே சொல்லிவிடும்: விலை உயர்ந்த நாள், வரிசை நீண்ட நாள்.

நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் ஊர்ப் பள்ளி விடுமுறையை அல்ல, பார்க் இருக்கும் நாட்டின் பள்ளி விடுமுறையை. ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் ‘கோல்டன் வீக்’கில் டோக்கியோ பக்கம் போக வேண்டாம். ஷாங்காய், ஹாங்காங் என்றால் அக்டோபர் முதல் வாரத்தைத் தவிருங்கள், சீனாவின் தேசிய தின விடுமுறை அது. ஃபுளோரிடாவில் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் அமெரிக்கப் பள்ளிகள் திறந்துவிட்ட காலம், கூட்டம் குறைவு, விலையும் இறங்கும். ஆனால் அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம் என்பதையும், வெயிலும் பிற்பகல் இடிமழையும் சேர்ந்தே வரும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அந்த மாதங்களில் போவதானால் ரத்து செய்யக்கூடிய முன்பதிவு மட்டும், சரியா?

படி 4: தங்கும் இடம்

இங்கேதான் நிறைய மிச்சம் பிடிக்கலாம், நிறைய ஏமாறவும் செய்யலாம். இணையதளத்தில் ‘ஓர் இரவுக்கு இவ்வளவு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பவே வேண்டாம். ஒரு தாளில் ஒவ்வோர் ஓட்டலுக்கும் இவற்றைக் கூட்டுங்கள்: அறை வாடகை, வரி, ‘ரிசார்ட் கட்டணம்’ என்று தனியாக வாங்குவது, கார் நிறுத்த ஓட்டலில் ஒரு கட்டணம், பார்க்கில் இன்னொரு கட்டணம், இல்லையென்றால் ரயில் அல்லது டாக்ஸிச் செலவு, காலை உணவு சேர்த்தியா இல்லையா. ஓர் உதாரணம்: பார்க் வாசலில் ஓட்டல் இரவுக்கு 140, ஆறு கிலோமீட்டர் தள்ளி 100 என்று வைத்துக்கொள்வோம். தள்ளி இருப்பதில் ஓட்டல் பார்க்கிங் 15, பார்க் பார்க்கிங் 30 என்று சேர்ந்தால் 145 ஆகிவிட்டது, அதற்கு மேல் தினமும் போக வர நேரம். ‘மலிவான’ ஓட்டல் என்பது பல சமயம் இப்படித்தான் முடிகிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், அது பார்க்கைப் பொறுத்தது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் நகருக்குள்ளேயே இருப்பதால், எதிரே ஹார்பர் பொலிவார்டில் டிஸ்னிக்குச் சொந்தமில்லாத சாதாரண ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் சிலவற்றிலிருந்து டிஸ்னியின் சொந்த ஓட்டல்களைவிடச் சீக்கிரம் வாசலுக்கு நடந்து போய்விடலாம். அங்கே பார்க்கின் சொந்த ஓட்டலுக்குக் கூடுதல் காசு கொடுக்க எனக்குக் காரணமே தெரியவில்லை, காரும் வேண்டாம்.

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் வேறு கதை. அது ஒரு நகரம் அளவுக்கு விரிந்து கிடக்கும் இடம், பெரும்பாலான ஓட்டல்களிலிருந்து நடை என்ற பேச்சுக்கே இடமில்லை. டிஸ்னியின் சொந்த ஓட்டல்களில் தங்கினால் பார்க்குகளுக்கு இலவசப் பேருந்து, இலவச பார்க்கிங், காலையில் அரை மணி முன்னதாக நுழையும் சலுகை கிடைக்கும். ஆகவே அங்கே மலிவு வகை டிஸ்னி ஓட்டலையும் வெளி ஓட்டலையும் முழுக் கணக்கோடு ஒப்பிடாமல் முடிவு செய்யாதீர்கள். ஐந்தாறு பேர் என்றால் கிஸ்ஸிம்மி பக்கம் வாடகைக்குக் கிடைக்கும் முழு வீடு பெரும்பாலும் ஜெயிக்கும்: இரண்டு மூன்று படுக்கையறை, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம். கார் மட்டும் கட்டாயம். ஒன்றிரண்டு இரவுதான் தங்குகிறீர்கள் என்றால் வீடு வேண்டாம், சுத்தம் செய்யும் கட்டணம் ஒரே தடவையில் விழும்.

வெளி ஓட்டல்கள் ‘இலவச ஷட்டில்’ என்று விளம்பரம் செய்வதைப் பார்த்து மயங்காதீர்கள். நாளைக்கு எத்தனை தடவை, முதல் வண்டி எப்போது, இரவு வாணவேடிக்கை முடிந்த பிறகு வண்டி உண்டா, இடம் முன்பதிவு செய்ய வேண்டுமா என்று ஓட்டலிடம் எழுதிக் கேளுங்கள். காலை ஒன்பது மணிக்குத்தான் முதல் ஷட்டில் என்றால் அந்த இலவசம் உங்களுடைய மிக நல்ல இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

ரயில் இருக்கும் ஊர்களில் வழி இன்னும் சுலபம்: பார்க் ஸ்டேஷனுக்கு ஒன்றிரண்டு நிறுத்தம் முன்னால் தங்குங்கள். டிஸ்னிலேண்ட் பாரிஸ் இருப்பது மார்ன்-லா-வாலே ஷெஸ்ஸி நிலையத்தில், அதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் வால் டியூரோப்பில் அபார்ட்மென்ட் ஓட்டல்களும் பெரிய கடைத்தொகுதியும் இருக்கின்றன. டோக்கியோ டிஸ்னிக்கு மைஹாமா நிலையம், அடுத்தது ஷின்-உராயாசு. ஒசாகாவின் யுனிவர்சலுக்கு நிஷிகுஜோவில் ரயில் மாறி யுனிவர்சல் சிட்டியில் இறங்க வேண்டும், ஆகவே நிஷிகுஜோ பக்கம் அறை தேடிப் பாருங்கள். டோக்கியோ நிலையத்தில் ஒன்று கவனம்: மைஹாமா போகும் கெய்யோ லைன் பிளாட்ஃபாரம் மற்ற ரயில்களிலிருந்து நெடுந்தூரம் தள்ளி இருக்கிறது, தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது விளையாட்டில்லை.

விலை உயர்ந்த ஓட்டலே சிக்கனமாக முடிகிற ஒரு விசித்திரமும் உண்டு. யுனிவர்சல் ஆர்லாண்டோவின் மேல்தட்டு ஓட்டல்கள் மூன்றில் (போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக்) தங்கினால் பழைய இரண்டு பார்க்குகளுக்கும் வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்தி, அதுவும் வரும் நாள், கிளம்பும் நாள் இரண்டுக்குமே. ஓர் இரவு தங்கினால் இரண்டு நாள் பாஸ். நெரிசல் காலத்தில் நான்கைந்து பேருக்கு அந்தப் பாஸைத் தனியாக வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எபிக் யுனிவர்ஸுக்கு இந்தப் பாஸ் செல்லாது. இப்படிப்பட்ட சலுகைகள் மாறக்கூடியவை, முன்பதிவு செய்யும் நாளில் ஓட்டல் பக்கத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: டிக்கெட் வாங்குவது

பார்க்கின் சொந்த இணையதளம், அல்லது அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளர், இரண்டில் ஒன்று. பாதி பயன்படுத்திய பல நாள் டிக்கெட்டை யாராவது மலிவாக விற்றால் வாங்காதீர்கள். அவை பெயர் மாற்ற முடியாதவை, வாசலில் கைரேகையோ புகைப்படமோ வைத்துச் சரிபார்ப்பார்கள், மாட்டினால் டிக்கெட்டும் போச்சு, நாளும் போச்சு.

வரிசையைத் தாண்டும் கட்டணப் பாஸ்களை முன்கூட்டியே எல்லா நாளுக்கும் வாங்கிக் குவிக்க வேண்டாம். கூட்டம் குறைந்த நாளில், காலையில் சீக்கிரம் வாசலில் நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரே ஒரு ரைடுக்காகத்தான் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், அதற்கு மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள்.

படி 6: சாப்பாடு

பார்க்குக்குள் மூன்று வேளையும் சாப்பிட்டால் பட்ஜெட் என்ற சொல்லை மறந்துவிடலாம். அறையில் ஃபிரிட்ஜ் இருந்தால் காலை உணவை அங்கேயே முடித்துவிட்டு, நொறுக்குத் தீனியையும் தண்ணீர் பாட்டிலையும் கையில் எடுத்துப் போங்கள், ஒரு வேளை மட்டும் உள்ளே வாங்குங்கள். அதையும் பதினொரு மணிவாக்கில் வாங்கினால் வரிசை இருக்காது. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வெளி உணவு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. பானம் விற்கும் விரைவு உணவுக் கவுண்டர்களில் கேட்டால் குளிர்ந்த தண்ணீர் இலவசமாகவே தருவார்கள். டோக்கியோவில் வெளி உணவை உள்ளே விடுவதில்லை, வாசலுக்கு வெளியே அதற்கென்று இடம் வைத்திருக்கிறார்கள். குழந்தை உணவும் மருத்துவக் காரணமுள்ள உணவும் எங்கேயும் பெரும்பாலும் விதிவிலக்கு.

படி 7: பார்க் நாளன்று

திறக்கும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் வாசலில் இருங்கள். வால்ட் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டம் என்றால் இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள், ஏனென்றால் காரை நிறுத்திய பிறகு மோனோரயிலோ படகோ ஏறித்தான் வாசலுக்கே போக வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் நீண்ட வரிசை வரும் ரைடுகளை முடியுங்கள், பரேடும் ஷோவும் மதியத்துக்கு.

உயரம் போதாத குழந்தை கூட இருந்தால் ரைடு வாசலில் இருக்கும் ஊழியரிடம் முதலிலேயே கேளுங்கள். டிஸ்னியில் ‘ரைடர் ஸ்விட்ச்’, யுனிவர்சலில் ‘சைல்ட் ஸ்வாப்’ என்பார்கள்: ஒருவர் ஏறி இறங்கும்வரை இன்னொருவர் குழந்தையோடு இருந்து, பிறகு மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். இதற்குத் தனிக் காசு இல்லை, ஆனாலும் பலருக்குத் தெரியாது. வளர்ந்த பிள்ளைகள் சிங்கிள் ரைடர் வரிசை இருக்கும் ரைடுகளில் தனியாக உட்காரத் தயார் என்றால் இன்னும் நேரம் மிச்சம்.

பையில் மலிவான ரெயின்கோட், பவர் பேங்க், மாற்று சாக்ஸ், சன்ஸ்கிரீன் எல்லாம் வெளியிலேயே வாங்கி வைத்திருங்கள், உள்ளே இதே சாமான்களுக்குத் தனி விலை. மழை வந்ததும் வாசலைப் பார்த்து ஓடாதீர்கள். மின்னல் என்றால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், பெரிய கூட்டமும் கலைந்துவிடும், ஒரு மணி நேரம் உட்புற ரைடிலோ ஷோவிலோ இருந்துவிட்டு வந்தால் வரிசைகள் பாதியாகியிருக்கும். பொம்மைக் கடைக்கு மட்டும் காலையிலேயே ஒரு தொகையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, ‘இதற்குள் நீயே முடிவு செய்’ என்று சொல்லிவிடுங்கள், நாள் முழுக்க வரும் நச்சரிப்பு குறையும்.

இரவில் ஒரு சின்ன உபாயம்: டிஸ்னி பார்க்குகளில் மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வரிசையில் சேர்ந்தாலும் பொதுவாக ஏறவிடுவார்கள். பிடித்த ரைடைக் கடைசியாக வைத்துக்கொண்டால், நீங்கள் இறங்கி வரும்போது பார்க்கிங்கிலும் ரயில் நிலையத்திலும் முதல் நெரிசல் ஓய்ந்திருக்கும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்து வைத்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.